ஆறிய தண்ணீரில் கரைக்காதீர்கள்: கைக்குழந்தைக்குப் பால்மா தயாரிக்கும் முறை

கைக்குழந்தைக்குப் பால்மா கொடுக்கும் வீடுகளில் எங்கள் பக்கம், இலங்கையின் கிழக்கில், பொதுவாக நடப்பது இதுதான். காலையில் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, போத்தலில் ஊற்றி மூடி வைப்பார்கள். பிள்ளை அழும்போதெல்லாம் அந்த ஆறிய தண்ணீரில் மாவைப் போட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். தண்ணீர் கொதித்துவிட்டது, இனி என்ன பயம் என்பது அவர்கள் எண்ணம். தண்ணீர் சரிதான். மாவுக்குள் இருப்பதை யார் கொல்வது?

பேணியில் வரும் பால்மா கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. எவ்வளவு நல்ல தொழிற்சாலையில் செய்தாலும் உலர்ந்த மாவை முழுவதுமாகக் கிருமியற்றதாக ஆக்க இன்றுவரை முடியவில்லை. குரோனோபக்டர் என்றொரு பக்டீரியா உண்டு. சல்மொனெல்லாவும் உண்டு. இரண்டும் காய்ந்த மாவில் நீண்ட காலம் உயிரோடு கிடக்கும். வெதுவெதுப்பான பாலில் சேர்ந்ததும் பெருகத் தொடங்கும். குரோனோபக்டரால் நோய் வருவது அரிது. ஆனால் வந்தால் இரத்தத்தில் தொற்று, மூளைக்காய்ச்சல் என்று போய் உயிரையே எடுக்கும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகள், மாதம் நிறையாமல் பிறந்தவர்கள், நிறை குறைந்து பிறந்தவர்கள் ஆகியோருக்குத்தான் ஆபத்து மிக அதிகம். 2022 பெப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு பெரிய தொழிற்சாலையின் பால்மா இந்தக் கிருமிச் சந்தேகத்தால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அப்படிப்பட்ட நாட்டிலேயே நடந்த விஷயம் என்பதால் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2007 இல் வெளியிட்ட வழிகாட்டலின் சாரம் ஒரே வரிதான்: மாவைக் கரைக்கும் தண்ணீர் 70 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது. அந்தச் சூட்டில்தான் மாவிலுள்ள கிருமி சாகும். கரைத்த பிறகு பாலை ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். முதலில் சூடு, பிறகு ஆறுதல். எங்கள் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் வரும். பல பேணிகளில் ‘கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் கரைக்கவும்’ என்றே அச்சிட்டிருப்பார்கள். சில மாவகைகளில் நன்மை தரும் பக்டீரியா சேர்த்திருப்பார்கள், கடும் சூட்டில் அவை செத்துவிடும். சில விற்றமின்களும் கொஞ்சம் குறையும். என் நிலைப்பாடு தெளிவானது: பிள்ளை சின்னது என்றால் விற்றமின் சிறிது குறைவதைவிடக் கிருமி சாவதுதான் முக்கியம். டொக்டர் எழுதித் தந்த விசேட பால்மா என்றால் மட்டும், அதை எந்தச் சூட்டில் கரைப்பது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன்

தாய்ப்பால் கொடுக்க முடிகிற அம்மாவுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ‘பால் காணாது’ என்று வீட்டில் யாராவது சொன்னார்கள் என்பதற்காகப் பேணி வாங்க வேண்டாம். முதலில் உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம், நாங்கள் மிசி என்று கூப்பிடுகிறவரிடம், பிள்ளையை மார்பில் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று காட்டுங்கள். பல நேரம் பிடிக்கும் விதத்தைத் திருத்தினாலே பால் காணும். ஆனால் தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்க, பெத்தா (பாட்டி) வளர்க்கிற பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். தாயை இழந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய்க்குப் புற்றுநோய் மருந்து ஓடிக்கொண்டிருக்கும் வீடும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் பால்மா கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரியாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கும்போது பேணியில் ‘0 முதல் 6 மாதம்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்தில் 1 என்று இருக்கும். 2 என்றால் ஆறு மாதத்துக்கு மேல். தேத்தண்ணிக்குப் போடும் முழு ஆடைப் பால்மா கைக்குழந்தைக்கு ஆகாது. டின்பாலும் ஆகாது. ஒரு வயதுக்கு முன் பசும்பாலையோ ஆட்டுப்பாலையோ முக்கிய பாலாகக் கொடுப்பதும் ஆகாது. அவற்றிலுள்ள புரதமும் உப்பும் அந்தச் சின்னச் சிறுநீரகத்துக்கு அதிகம், இரும்புச்சத்தோ போதாது. நசுங்கிய பேணி, ஊதிய பேணி, திகதி முடிந்த பேணி எதையும் எடுக்காதீர்கள், விலையைக் குறைத்துத் தந்தாலும்.

தண்ணீர்

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கிழக்குக் கடலோரமான எழுவான்கரை முழுவதும் மணல் நிலம். கிணறு ஆழமில்லை, சில முழத்திலேயே தண்ணீர் கிடைத்துவிடும். அதே மணலில் சில அடி தள்ளி மலசலகூடக் குழி இருக்கும். பக்கத்து வளவில் பசளை போட்ட மரக்கறித் தோட்டம் இருக்கும். மணல் எல்லாவற்றையும் கீழே விடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேறு கஷ்டம்: கோடையில் கிணறு வற்றும், பவுசரில் தண்ணீர் வரும், அது தாங்கியில் நாள்கணக்கில் நிற்கும்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு போகாது. பசளையாலும் மலக்குழியாலும் தண்ணீரில் சேரும் நைத்திரேற்றும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய இவை இன்னும் செறிவாகும். நைத்திரேற்று அதிகமான தண்ணீரில் பால் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சரியாகச் சுமக்க முடியாமல் போகும், உதடும் நகமும் நீலம் பாயும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நாக்கில் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே வீட்டுக்குக் குழாய்நீர் வருகிறதென்றால் பிள்ளையின் பாலுக்கு அதையே எடுங்கள். மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. கிணற்றை விட்டால் வழியில்லை என்றால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, கைக்குழந்தைக்குப் பால் கரைக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிப் பரிசோதிக்கும் வழியைக் கேளுங்கள். உவர்ப்புத் தெரிகிற தண்ணீரில் பால் கரைக்கவே வேண்டாம். கடையில் விற்கும் போத்தல் தண்ணீரையும் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும். சுத்தமான தண்ணீர்தான், ஆனால் கிருமியற்றது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

போத்தலும் சூப்பியும்

பிள்ளை குடித்து முடித்தவுடன் கழுவுங்கள். காய விட்டால் பால் படை ஒட்டிக்கொள்ளும், மறுகா எவ்வளவு அவித்தாலும் அதற்குள் கிருமி தப்பும். சவர்க்காரம் கலந்த சுடுதண்ணீரில், அதற்கென்றே வைத்த தூரிகையால் உள்ளே தேயுங்கள். சூப்பியை உட்பக்கம் வெளியே வரப் புரட்டிக் கழுவுங்கள். அதன் துளை வழியாகத் தண்ணீரைப் பீச்சி விடுங்கள். மூடியின் புரிகளில்தான் அழுக்கு ஒளிந்திருக்கும்.

பிறகு அவிக்க வேண்டும். இதற்கு ஒரு சட்டியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், மீன் ஆணம் காய்ச்சும் சட்டி வேண்டாம். போத்தல், சூப்பி, வளையம், மூடி எல்லாம் தண்ணீரில் முழுவதும் அமிழ வேண்டும். போத்தலுக்குள் காற்றுக்குமிழி நின்றால் அந்த இடத்தில் சூடு போய்ச் சேராது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு பத்து நிமிடம் விடுங்கள். தேவைப்படும் வரை சட்டியை மூடியே வையுங்கள்.

அவித்து எடுத்த போத்தலைக் கிணற்றுத் தண்ணீரில் ஒருதரம் அலசுவது எங்கள் பக்கம் நிறைய நடக்கிறது. அந்த ஒரு அலசலில் பத்து நிமிட வேலையும் வீண். சாரித் தலைப்பாலும் அடுப்படித் துணியாலும் துடைப்பதும் அப்படித்தான். ஈரம் இருந்தால் உதறிவிட்டு அப்படியே பயன்படுத்துங்கள்.

போத்தலைவிடச் சின்னக் கோப்பையில் கொடுப்பது நல்லது. கோப்பைக்குச் சந்து பொந்து கிடையாது, கழுவுவது எளிது. பிறந்த பிள்ளைகூடக் கோப்பையின் விளிம்பிலிருந்து நக்கிக் குடிக்கும். முதல் இரண்டு மூன்று தரம் மிசியைப் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது. விளிம்பை உதட்டில் வைத்தால் பிள்ளையே இழுத்துக் குடிக்கும்.

கரைக்கும் முறை

1. மேசையைத் துடைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். விரலிடுக்கு, நகம் எல்லாம். ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், வாளிக்குள் கை முக்குவது கழுவியதாகாது.

2. கேத்தலில் புதுத் தண்ணீர் ஒரு லீற்றர் எடுத்துக் கொதிக்க வையுங்கள். நேற்றுக் கொதித்து மிஞ்சியதை மீண்டும் சூடாக்க வேண்டாம். மின்கேத்தல் என்றால் தானாக நிற்கும் வரை விடுங்கள். விறகடுப்பு என்றால் பெரிய குமிழிகள் உருண்டு எழும் வரை.

3. மூடியைத் திறக்காமல் வையுங்கள், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். ஒரு லீற்றர் தண்ணீர் அவ்வளவு நேரத்தில் 70 பாகைக்குக் கீழே இறங்காது. ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்திருந்தால் அது மிக விரைவில் ஆறிவிடும், ஆகவே காத்திருக்காமல் பயன்படுத்துங்கள். சமையல் வெப்பமானி ஒன்று வாங்க முடிந்தால் சந்தேகமே இல்லை.

4. பேணியில் உள்ள அட்டவணையைப் படியுங்கள். முதலில் தண்ணீர், பிறகு மா. தண்ணீரை ஊற்றிப் போத்தலைச் சமமான இடத்தில் வைத்து, குனிந்து, கோட்டைக் கண்மட்டத்தில் பாருங்கள். மாவை முதலில் போட்டுத் தண்ணீரைக் கோடு வரை ஊற்றினால் தண்ணீர் குறைந்து பால் தடித்துவிடும். முழுத் தண்ணீரும் சுடுதண்ணீராக இருக்கட்டும். கொஞ்சம் சுடுதண்ணீரில் கரைத்து மீதிக்கு ஆறிய தண்ணீர் ஊற்றும் வழக்கம் வேண்டாம், அந்தக் கொஞ்சத் தண்ணீரில் மா பட்டவுடனே சூடு இறங்கிவிடும்.

5. அதே பேணிக்குள் இருந்த கரண்டியால் மாவை எடுத்து, சுத்தமான கத்தியின் முதுகால் மேலே தட்டையாக வழியுங்கள். அழுத்தி நிரப்பாதீர்கள், குவியலாகவும் போடாதீர்கள். பல வகைகளில் 30 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி. ஆனால் எல்லாப் பேணியும் அப்படியல்ல, மாவை மாற்றினால் கரண்டியும் கணக்கும் மாறும். எத்தனை கரண்டி போட்டோம் என்பது மறந்தால் அதைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

6. போத்தலை மூடி, மாக்கட்டி இல்லாமல் கரையும் வரை மெதுவாகக் குலுக்குங்கள். போத்தல் சுடும், துணியால் பிடியுங்கள்.

7. உடனே ஆற வையுங்கள். ஓடும் குழாயின் கீழே பிடிக்கலாம், அல்லது குளிர்ந்த தண்ணீர் உள்ள பாத்திரத்தில் நிறுத்தலாம். தண்ணீர் மூடியின் விளிம்பைத் தொடக் கூடாது. பிறகு வெளிப்பக்கத்தைச் சுத்தமான துணியால் துடையுங்கள்.

8. மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விடுங்கள். சுடாமல் இளஞ்சூடாக இருந்தால் கொடுக்கலாம். இதை ஒரு தடவையும் தவறவிடாதீர்கள், சற்று முன்பு அது 70 பாகை. மைக்ரோவேவில் வைக்க வேண்டாம், வெளியே ஆறியது போலிருக்கும், நடுவில் பிள்ளையின் வாயைப் பொசுக்கும்.

கரைத்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டு உட்புறமே கொதிக்கும். அப்போது அந்த இரண்டு மணி நேரத்தையும் நம்பாமல் கரைத்தவுடன் கொடுத்துவிடுங்கள். பிள்ளை குடித்து மிஞ்சியதைக் கொட்டுங்கள். விலை தெரியும், கை நடுங்கும், ஆனாலும் கொட்டுங்கள். எச்சில் பட்ட பாலில் கிருமி பெருகுவதற்கு எதுவும் தடையில்லை.

தண்ணீர் கூட்டிப் பாலை நீட்டிப் பிடிப்பது

2022 இல் பால்மாவுக்கு நாங்கள் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தக் காலத்தைப் போல விலை எட்டாமல் போகும்போது பேணியை நாலு நாள் கூடுதலாக இழுப்பதற்கு வீடுகளில் செய்வது ஒன்றுதான்: ஒரு கரண்டியைக் குறைப்பது. பிள்ளைக்கு வயிறு நிறையும், அழாமல் தூங்கும், ஆனால் சத்துப் போகாது, நிறை ஏறாது. தண்ணீர் மிக அதிகமானால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புக்கூட வரும். மாறாக, பிள்ளை கொழுக்கட்டும் என்று ஒரு கரண்டி கூட்டுவதும் கேடு. மலம் இறுகும், உடல் நீரிழக்கும், சிறுநீரகம் தவிக்கும். காசு போதாவிட்டால் அதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். கரண்டியைக் குறைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பாலுக்குள் சீனி, குளுக்கோஸ், அரிசிமா, பிஸ்கட் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீரும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து சின்னக் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும்.

எவ்வளவு கொடுப்பது?

முதல் கிழமை தாண்டிய பிள்ளைக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர். நாலு கிலோப் பிள்ளைக்கு 600, எட்டுத் தரம் கொடுத்தால் தரத்துக்கு 75. பிறந்த முதல் நாட்களில் இதைவிட மிகக் குறைவு. இது ஒரு மட்டுக்கணக்குத்தான், பிள்ளையின் பசியே அளவு. வாயைத் திருப்பினால், கையைத் தளர்த்தினால் போதும் என்று பொருள். போத்தல் காலியாக வேண்டும் என்று திணிக்காதீர்கள். நாளுக்கு ஆறு தரமாவது சலம் போகிறதா, மாதாமாதம் கிளினிக்கில் நிறுக்கும்போது பிள்ளையின் பதிவேட்டில் நிறைக் கோடு மேலே ஏறுகிறதா என்று பாருங்கள்.

தலையைச் சற்று உயர்த்தி மடியில் வைத்துக் கொடுங்கள். தலையணையில் போத்தலைச் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போவது மூச்சுக்குழலுக்கு ஆபத்து.

இராத்திரியும் பயணமும்

இரவில் மூன்று தரம் கேத்தல் வைக்க யாருக்கும் தெம்பிராது. கொதித்த தண்ணீரை உடனே சுடுதண்ணிப் பிளாஸ்க்கில் கழுத்து மட்டம் நிரப்பி இறுக மூடுங்கள். நல்ல பிளாஸ்க் பல மணி நேரம் 70 பாகைக்கு மேல் வைத்திருக்கும், பழசானதும் அரைவாசி நிரப்பியதும் வைத்திருக்காது. உங்கள் பிளாஸ்க்கை ஒருதரம் வெப்பமானியால் அளந்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவித்து உலர்ந்த போத்தல்களை மூடி அடுக்கி வைத்து, பால் வேண்டிய நேரத்தில் மட்டும் கரையுங்கள். முன்கூட்டிக் கரைத்து வைக்க நேர்ந்தால், ஆற வைத்து 5 பாகைக்கு மேற்படாத ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் வையுங்கள். கதவில் வைக்க வேண்டாம். 24 மணி நேரம்தான் கணக்கு. மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் கொட்டுங்கள். சுடுதண்ணீரில் நிறுத்திச் சூடாக்குவது 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

அம்பாறையிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வருகிறீர்கள் என்றாலும் இதே வழி: பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், அவித்து உலர்ந்த டப்பாவில் அளந்த மா. கரைத்த பாலைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

திறந்த பேணியின் மேல் திறந்த திகதியை எழுதுங்கள். மூன்று நாலு கிழமைக்குள் முடிக்க வேண்டும், சரியான கணக்கு பேணியிலேயே இருக்கும். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் பிடிக்கும், அலுமாரிதான் சரி.

மாரி வெள்ளம் வரும்போது

2011 சனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிணறும் மலக்குழியும் ஒரே தண்ணீராகிவிடும். கார்த்திகை பிறக்கும்போதே ஒரு நீர்புகாப் பையில் பேணி, பிளாஸ்க், சின்னக் கோப்பைகள் இரண்டு, சவர்க்காரம், பிள்ளையின் பதிவேடு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பாடசாலை முகாமில் போத்தல் அவிப்பது முடியாத காரியம், அங்கே கோப்பைதான் கை கொடுக்கும். வெள்ளம் வற்றியதும் கிணற்றை இறைத்து, பரிசோதகரைக் கொண்டு குளோரின் போட்ட பிறகும் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள்.

நிவாரணம் கொண்டு வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பால்மாப் பேணிகளை எல்லாத் தாய்மாருக்கும் பங்கிடாதீர்கள். தாய்ப்பால் கொடுப்பவர் அதை நிறுத்தி, அழுக்குத் தண்ணீரில் மா கரைக்கத் தொடங்கினால் வயிற்றோட்டம்தான் மிஞ்சும். எந்தப் பிள்ளைக்குத் தேவை என்பது அந்தப் பகுதி மிசிக்குத் தெரியும், அவரிடம் கொடுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகைக் காய்ச்சல் என்றால் காத்திருக்க வேண்டாம். பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல், உடல் வழமைக்கு மாறாகக் குளிர்தல், வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் அப்படியே. வயிற்றோட்டத்தோடு உச்சிக்குழி உட்குழிந்து, சலம் குறைந்தால் அதுவும் அவசரம்தான். வயிற்றோட்டம் என்பதற்காகப் பாலை நிறுத்தாமல் கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். போகும்போது நீங்கள் கரைத்த அந்தப் பால்மாப் பேணியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அடியில் அச்சிட்ட தொகுதி இலக்கம் டொக்டருக்குத் தேவைப்படலாம்.